மூன்று நாள் பொறுக்காத குடல்

அந்த வாழ்த்து என் போனுக்கு வந்தபோது காலை பத்து மணி, தேநீர் இடைவேளை. நான் நாற்பது வயதில் எழுத்துப் படித்தவன்; ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பேன். "வாழ்த்துகள்" என்ற சொல்லைக் கூட்டி முடித்ததுமே, மீதியை எல்லோரும் கேட்கட்டும் என்று ஆட்களைக் கூப்பிட்டேன்.

"வாழ்த்துகள்! எங்கள் 'எல்லையற்ற இன்பம்' திட்டத்தில் இந்த மாதத்துக்குரிய அதிவேகப் பங்கைத் தங்கள் குடும்பம் வெற்றிகரமாகப் பயன்படுத்தி முடித்துவிட்டது. இனி மாத முடிவு வரை தங்கள் எல்லையற்ற சேவை, நிதான வேகத்தில், எல்லையின்றித் தொடரும்."

"எல்லையில்லன்னு எத்தனை தடவை போட்டிருக்கான் பாரு," என்றார் மேஸ்திரி. "ஏதோ பரிசு விழுந்திருக்கு."

எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் நாங்கள் நாற்பது பேர். வேலைக்குச் சேர்ந்த அன்று காண்ட்ராக்டர் ஆளுக்கொரு சிம் கொடுத்தார். தனித்தனியாக வாங்குவதைவிடக் குடும்பத் திட்டம் மலிவு என்று, கம்பெனிப் படிவத்தில் தன்னை அப்பா என்றும் எங்கள் நாற்பது பேரையும் பிள்ளைகள் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். எங்களில் ஒன்பது பேர் அப்பாவைவிட மூத்தவர்கள். கம்பெனி ஒன்றும் கேட்கவில்லை. தாயார் பெயர் என்ற இடத்தில் 'பொருந்தாது' என்று இருந்தது. அந்த வட்டாரத்தில் டவர் நட்டிருப்பது அந்த ஒரு கம்பெனிதான். வேறு சிம் போட்டால் போன் வெறும் கல்.

என் வேலை கை காட்டுவது. க்ரேன் ஓட்டுகிறவனை நாங்கள் ஆகாசம் என்போம். நாள் முழுக்க மேலேயேதான் இருப்பான். கீழே நடப்பது அவனுக்குச் சரியாகத் தெரியாது, காதிலும் விழாது. நான்தான் தரையில் நின்று கையால் சொல்ல வேண்டும். சுட்டுவிரலை மேலே நீட்டினால் தூக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் நில். ஒரு கைக்கு மேல் இன்னொரு உள்ளங்கையைப் பிடித்தால் மெதுவாக. இந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான். சுமை தரையைத் தொட்டு, மேலே இருப்பவன் புரிந்துகொண்டான் என்று தெரியும்வரை காட்டிய கையை இறக்கக் கூடாது. இறக்கினால், சுமை யார் தலையிலாவது இறங்கும்.

என் மனைவிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நாங்களே கையால் ஒரு பாஷை கட்டிக்கொண்டோம். பாதி அவள் கொண்டுவந்தது, பாதி என் க்ரேனிலிருந்து வந்தது. நான் கோபத்தில் குதித்தால், 'மெதுவாக இறக்கு' என்பாள். சாப்பாடு போதும் என்பதற்கு இரண்டு கையையும் விரித்து 'அவசர நிறுத்தம்'. சரி என்பதற்குக் கட்டைவிரலை நெஞ்சில் ஊன்றுவாள். அவள் கை போகிற வேகத்துக்கு எந்த வாயாடியும் ஈடு கொடுக்க முடியாது. தெருக்குழாயில் நடந்த சண்டையை, இரண்டு கட்சியாகவும் அவளே மாறி மாறி நடித்து, நடுவில் நான் போன மாதம் செய்த தப்பையும் இழுத்துவிட்டு, மூன்று நிமிடத்தில் முடிப்பாள். தினமும் வேலை விட்டதும் வீடியோவில் நாற்பது நிமிடம். எனக்கு அதுதான் வீடு.

வாழ்த்து வந்து அரை மணி நேரத்தில் என் கொழுந்தியாள் கூப்பிட்டாள்.

"மாமா, அக்காவ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. குடல் முறுக்கிக்கிச்சாம். நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள வயித்தத் திறந்து முறுக்க எடுத்துவிடணும், இல்லன்னா அழுகிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"திறக்கச் சொல்லும்மா!"

"அக்கா கிட்டயே விடமாட்டேங்குது. ட்ரிப்ஸை ரெண்டு தடவை பிடுங்கி எறிஞ்சிருச்சு. நர்ஸ் புரிய வைக்கிறேன்னு வயித்துக்குக் குறுக்கக் கையால கோடு போட்டுக் காட்டினாங்க. அதுலேர்ந்துதான் இப்படி. கொல்லப்போறாங்கன்னு நினைச்சுக்கிச்சு."

"நீ எடுத்துச் சொல்லேன்."

"உங்க பாஷை எனக்கு எங்க தெரியும்? நான் அஞ்சு வயசுலயே அத்தை வீட்டுக்குப் போயிட்டேன்ல. புத்தி தெளிவா இருக்கிற மனுஷி வேணாம்னு உதறுறப்ப கட்டிப்போட்டு அறுக்க முடியாதுங்கிறாங்க மாமா. நீங்க வீடியோல வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்கும்."

ஊருக்கு ரயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும். அந்த நிமிடமே ஏறினாலும் பதினோரு மணிக்குப் போய்ச் சேர முடியாது. வீடியோவை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, அவள் நெற்றியில் இடது பாதி வந்தது. பிறகு ஒரு கை, மேலே போகிறதா கீழே வருகிறதா என்று தெரியாமல், கலங்கலாக நின்றது. நின்றது நின்றதுதான். அவள் அங்கே என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து நொடி கழித்துக் கட்டிலின் கால் வந்தது.

அப்போதுதான் நிதான வேகம் என்பதன் அர்த்தம் புரிந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பரிசு என்ற பேச்சை எடுக்கவில்லை.

கம்பெனியின் அக்கறைப் பிரிவுக்குப் போன் போட்டேன். தங்கள் அழைப்பு எங்களுக்கு உயிரைப் போன்றது என்று ஓர் இயந்திரம் இருபத்திரண்டு நிமிடம் சொன்னது. பிறகு ஒரு பெண் வந்தாள். தேன் போன்ற குரல். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"புரியுது சார். உங்க வேதனை எங்க வேதனை. ஆனா வீடியோ எதுக்கு சார்? உங்க திட்டத்துல குரல் அழைப்பு எல்லையே இல்லாம இருக்கே."

"அவளுக்குக் காது கேட்காதும்மா."

"பரவாயில்ல சார், எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க."

"நான் பேசுறது அவளுக்குக் கேட்காது."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "செக் பண்ணிட்டேன் சார். உங்க குரல் அந்தப் பக்கம் வரைக்கும் நல்லாவே போய்ச் சேருது. அதுக்கு மேல அவங்க பக்கத்துக் கோளாறு. அதுக்கு நாங்க பொறுப்பில்ல. மெசேஜ் அனுப்பிப் பாருங்களேன்?"

"அவளுக்கு எழுத்துத் தெரியாது."

"அருமை சார். எங்க ஆப்-ல எழுத்துக் கத்துக்கொடுக்கிற பகுதி இருக்கு. இறக்கிக்கிட்டா பதினெட்டே வாரம்தான். வேற ஏதாவது உதவி வேணுமா?"

சூப்பர்வைசரிடம் கெஞ்சி அரைநாள் வாங்கிக்கொண்டு, பேருந்து பிடித்து, டவுனில் இருந்த கம்பெனியின் சேவை மையத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு. உள்ளே பிணவறைக் குளிர். நடுவில் ஒரு மேடை, அதன் மேல் சங்கிலியால் கட்டிப்போட்ட ஒரு பெரிய போன். அதில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு நொடிகூட நிற்கவில்லை. கீழே எழுதியிருந்ததைக் கூட்டிப் படித்தேன்: 'எங்கள் வேகத்தை அனுபவியுங்கள்.'

டோக்கன் வாங்க வேண்டும் என்றார் காவலாளி. எங்கே என்றேன். உங்க போன்லதான், ஆப்-ல, என்றார். டோக்கன் இறங்க ஐம்பது நிமிடம் ஆனது. இறங்கிய எண்ணைக் கூப்பிட்டு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

"அது போச்சு. இன்னொண்ணு போடுங்க," என்றார் காவலாளி. "எல்லாருக்கும் இப்படித்தான். நான் இங்க சேர்ந்து ரெண்டு வருஷமாகுது, டோக்கன் எண் சரியா வந்த ஆளை இன்னும் பார்க்கல."

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். அவர் போனைக் கொஞ்சம் கேட்டேன்.

"எடுத்துக்கோ தம்பி. திங்கக்கிழமை ஒருத்தி சட்டை மாடல் படம் அனுப்பினா. இன்னிக்குத்தான் காலர் வரைக்கும் இறங்கியிருக்கு. கை வைக்கிறதா வேணாமான்னே தெரியல." சுற்றிக் கையைக் காட்டினார். "இங்க வேகம் இருக்கிறவன் யாரும் இல்ல. இருந்தா ஏன் இங்க வரான்?"

மேடைக்குப் போய் அந்த அருவிப் போனைத் தொட்டேன். காவலாளி ஓடி வந்தார்.

"அஞ்சு நிமிஷம். என் பொண்டாட்டிகிட்டப் பேசிட்டுக் கொடுத்துடறேன்."

"அது அனுபவத்துக்கு அண்ணே. உபயோகத்துக்கு இல்ல."

மூன்றாவது டோக்கனில் வேக ஆலோசகர் கிடைத்தார். கழுத்தில் டை, மார்பில் 'புன்னகை எங்கள் கடமை' என்ற வில்லை. கடமையைச் செய்தபடியே என் கதையைக் கேட்டார்.

"கூட வேகம் எவ்வளவு கேட்டாலும் கொடுத்துடறேன். சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்றேன்," என்றேன்.

"கூட வேகப் பொதி இருக்கு சார். ஆனா அது எல்லையுள்ள திட்டக்காரங்களுக்கு. நீங்க எல்லையற்றவர். எல்லையில்லாததுக்கு மேல எதை சார் நான் விக்கிறது? அப்படி வித்தா அது மோசடி ஆகிடும். எங்க கம்பெனி நேர்மையான கம்பெனி."

"அப்போ என்னை எல்லையுள்ளதுக்கு மாத்திடுங்க."

"தாராளமா. மாத முடிவுல மாறிக்கலாம். மூணே மூணு நாள். பொறுத்துக்கோங்க."

"நான் பொறுத்துப்பேன். குடல் பொறுக்காது."

அதற்கும் அவர் புன்னகைத்தார். பிறகு திரையைப் பார்த்தவர் முதன்முறையாகப் புன்னகையை நிறுத்தினார். "சார், உங்க வீடியோ அழைப்பையெல்லாம் இயந்திரம் ஒரு மாதிரியாப் பதிஞ்சிருக்கே. தினமும் நாற்பது நிமிஷம், ஆனா பேச்சே இல்ல. பேச்சிருந்தாதான் அது அழைப்பு. பேச்சில்லாததை 'ஆளில்லா வீடியோ'ன்னு போட்டுடும். செவுத்தக் காட்டிட்டுத் தூங்கிடுறாங்க பாருங்க, அந்த வகை. உங்க குடும்பத்துப் பங்கு காலியானதுல பெரும்பகுதி இந்த வீண்தான்."

"நாங்க அப்போ பேசிட்டுத்தான் இருந்தோம்."

"பதிவாகலையே சார்."

இருபத்திரண்டு வருடப் பேச்சு. ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. நான் மாடிக்கு அனுப்பப்பட்டேன்.

மாடியில் நியாயப் பயன்பாட்டுத் தலைவர் இருந்தார். மேஜையில் மூன்று போன், மூன்றும் வேகமாக இருந்தன. நல்ல மனிதர். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"பெரியவரே, முதல்ல ஒண்ணு தெளிவாப் புரிஞ்சுக்கணும். நாங்க யாருக்கும் வேகத்தைக் குறைக்கிறதில்ல. அந்த வார்த்தையே எங்க கம்பெனியில கிடையாது. நிதானத்தைப் பகிர்ந்து கொடுக்கிறோம். எல்லையில்லாம தரோம்னு சொன்னா, ஜனங்க நிஜமாவே எல்லையில்லாமப் பயன்படுத்த ஆரம்பிச்சுடுறாங்க. எவ்வளவு பெரிய நம்பிக்கைத் துரோகம் பாருங்க! நாங்க சொன்னோம்ங்கிறதுக்காக நம்பிடுறதா? போன வருஷம் ஒரு ஆய்வு எடுத்தோம். நிதான வேகத்துல இருக்கிறவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர் ஒரு புகார்கூடக் கொடுக்கல. திருப்தி!"

"புகார் எங்க கொடுக்கணுங்க?"

"ஆப்-லதான்."

நான் அவர் காலில் விழவில்லை. விழலாமா என்று யோசித்தேன். மனைவி, குடல், பதினோரு மணி என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே துடைத்தார்.

"மனிதாபிமான வேகம்னு ஒண்ணு இருக்கு. என் அதிகாரத்துல பத்து நிமிஷம் தரலாம். ஆனா நீங்க ஒரு குடும்பம். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தா மத்த பிள்ளைங்க மனசு என்ன பாடுபடும்? அதனால மொத்தக் குடும்பமும் நேர்ல வந்து ஆட்சேபணை இல்லன்னு சொல்லணும். அப்பா சம்மதமும் வேணும். நாளைக்குக் காலையில பத்து மணி. அப்புறம், வீடியோ ஓடறப்ப பக்கத்துல கொஞ்சம் பேச்சுச் சத்தம் இருக்கட்டும். இயந்திரத்துக்குச் சந்தோஷமா இருக்கும்."

மறுநாள் பதினெட்டு மாடியும் நின்றது. "ஒரு நாள் இது வளரலன்னா யார் அழப்போறா," என்று மேஸ்திரி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, எல்லோரையும் லாரியில் ஏற்றினார். ஆகாசம்கூடத் தரைக்கு இறங்கி வந்தான். ஹெல்மெட்டும் சிமென்ட் ஒட்டிய காலுமாக நாங்கள் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்தபோது காவலாளி எழுந்து நின்றார். நியாயத் தலைவர் கீழே இறங்கி வந்து எங்களைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"இப்படி ஒத்துமையான குடும்பத்த நான் பார்த்ததே இல்ல."

காண்ட்ராக்டரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டோம்.

"நீங்கதான் அப்பாவா?"

"ஆமாங்க."

"எத்தனை பிள்ளைங்க?"

"நாற்பது." மேஸ்திரி போனருகே குனிந்து ஏதோ முணுமுணுத்ததும் அப்பா திருத்திக்கொண்டார். "மூணு பேர் போன வாரம் சொல்லாம ஓடிட்டானுங்க. முப்பத்தேழு."

"இதுல யாருக்கு வேகம் கொடுக்கிறோம்னு தெரியுமா?"

"எவனுக்கோ கொடுங்க சார். சீக்கிரம் வேலைக்கு அனுப்புங்க."

அது தந்தையின் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு முப்பத்தேழு பேரும் வரிசையாக ஆட்சேபணை இல்லை என்று கைநாட்டும் கையெழுத்தும் போட்டோம். முடிய பத்து ஐம்பது ஆனது.

டாக்டரம்மாவின் குரல் மேஸ்திரியின் போனில் வந்தது. நர்ஸின் போனிலிருந்து பேசினார். குரலுக்குத்தான் எல்லை இல்லையே. "பத்து நிமிஷம்தான் தர முடியும். அதுக்குள்ள அவங்க சரின்னா உள்ள எடுத்துடறேன். இல்லன்னா எனக்கு வேற வழியில்ல."

என் போனில் வீடியோவை அழுத்தினேன். ஆலோசகர் வேகத்தைத் திறந்துவிட்டுப் பரபரத்தார். "சத்தம், சத்தம்! பேசுங்க எல்லாரும்!"

மற்ற முப்பத்தாறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவன் கம்பி கட்டும் கணக்கைச் சொன்னான். ஒருவன் தன் மாமியாரைத் திட்டினான். அவனுக்கு நாள் போதாது. அன்றும் டோக்கனுக்குக் காத்திருந்த தையல்காரம்மாவும் எழுந்து வந்து, அந்தச் சட்டைக்காரியை வைதார். மேஸ்திரி, "ஜல்லி வரல, மணல் வரல, ஜல்லி வரல," என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினேன்.

படம் வந்தது. முழு முகம், தெளிவாக. ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கை பறக்க ஆரம்பித்தது.

நின்றது.

ஆலோசகர் தன் திரையைப் பார்த்துவிட்டு வருத்தமாகச் சொன்னார். "சார், கொஞ்சம் அதிகமாப் பேசிட்டாங்க. முப்பத்தேழு குரல். குடும்ப உரையாடல் இல்ல, பொதுக்கூட்டம்னு இயந்திரம் எடுத்துக்கிச்சு. பொதுக்கூட்டத்துக்குத் தனித் திட்டம் இருக்கு. வாங்கிக்கறீங்களா?"

எல்லோரும் வாயை மூடினார்கள். அந்த அறையில் அருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் போனில் அரை நிமிடத்துக்கு ஒரு படம் வந்தது. அவள் கை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் கலங்கலாக இருந்தது. வெகுவேகமாக ஏதோ கேட்கிறாள், அழுகிறாள், எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. நானும் அவசர அவசரமாகக் கையை ஆட்டினேன். அங்கேயும் அது சேறாகத்தான் போயிருக்கும்.

ஆகாசம் என் தோளைப் பிடித்தான். "அண்ணே, ஆட்டாதீங்க. புழுதி கிளம்பினா மேலேர்ந்து பார்க்கிறப்ப எனக்கும் நீங்க இப்படித்தான் தெரிவீங்க. ஒண்ணைக் காட்டுங்க. காட்டிட்டு அப்படியே நில்லுங்க. நான் பார்க்கிற வரைக்கும் நிப்பீங்கல்ல, அந்த மாதிரி."

எட்டு நிமிடம் இருந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு படம். அவள் திருப்பிக் காட்டி உறுதிசெய்ய வேண்டும். இருபத்திரண்டு வருடம் கொட்டிக்கொண்டிருந்த பேச்சில் எனக்கு ஏழெட்டு வார்த்தைதான் மிச்சம்.

வயிற்றில் கை வைத்தேன். வைத்தபடி நின்றேன். படம் மாறியது: அவளும் தன் வயிற்றில் கை வைத்திருந்தாள். ஆனால் கலங்கலாக இல்லை. அவளும் அசையாமல் பிடித்திருந்தாள். புரிந்துகொண்டுவிட்டாள், புத்திசாலி.

இரண்டு விரலை முறுக்கிப் பிடித்தேன்: முடிச்சு. நின்றேன். அவளும் முறுக்கினாள்.

விரல்களைப் பிரித்து நேராக நீட்டினேன். கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடினேன்: தூக்கம். அப்படியே இருந்தேன். கண் மூடியிருந்ததால் அவள் படம் வந்ததா என்று தெரியவில்லை. "வந்துச்சு, வந்துச்சு, அண்ணியும் தூங்குறாங்க," என்று ஆகாசம் காதருகே சொன்னான். கண்ணருகே விரல்களை விரித்தேன்: விழித்துக்கொள்வாய்.

அடுத்த படத்தில் அவள் வயிற்றுக்குக் குறுக்கே கையை வைத்திருந்தாள், நர்ஸ் காட்டியது போல. மற்றக் கை, உள்ளங்கை கவிழ்ந்து நீண்டிருந்தது. நில். வாய் கோணியிருந்தது.

ஒரு கைக்கு மேல் இன்னொரு உள்ளங்கையைப் பிடித்தேன். மெதுவாக. மெதுவாகத்தான் செய்வார்கள். நான் கோபத்தில் குதிக்கும்போதெல்லாம் அவள் எனக்குக் காட்டிய அதே கை.

"ரெண்டு நிமிஷம்," என்றது டாக்டரம்மாவின் குரல்.

படம் மாறியது. அவள் சுட்டுவிரல் நேராக என்னைக் காட்டியது. நீ? நீ எங்கே?

ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறுகையின் சுட்டுவிரலால் அவள் இருக்கிற தரையைக் காட்டினேன். வருகிறேன். அப்படியே நின்றேன். படம் மாறியது. கட்டைவிரலை நெஞ்சில் ஊன்றியிருந்தாள். சரி.

அந்தச் சரி, ஆபரேஷனுக்குச் சொன்னதா, நான் வருகிறேன் என்றதற்குச் சொன்னதா, அதைப் பார்த்துத்தான் சொன்னாளா, எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகு படம் மாறவில்லை. "உள்ள கூட்டிட்டுப் போறாங்கப்பா," என்றார் மேஸ்திரி. நான் கையை இறக்கவில்லை. சுமை இன்னும் தரையைத் தொடவில்லை. நியாயத் தலைவர் வந்து, இது பொதுக்கூட்டம் இல்லை, குடும்பம்தான் என்று மேலிடத்திலிருந்து இப்போதுதான் உத்தரவு வந்திருக்கிறது, மனிதாபிமான வேகத்தின் பத்து நிமிடத்தை மறுபடி தொடங்கலாமா என்று கேட்டார். ஆகாசம் என் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டான். முப்பத்தாறு பேர் தள்ளி என்னை ரயிலில் ஏற்றினார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது மாதத்தின் முதல் நாள் காலை. டாக்டரம்மா வாசலிலேயே நிறுத்தினார். "உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா ரெண்டு முழம் குடல் கறுத்துப்போயிருந்துச்சு, வெட்டி எடுத்துட்டோம். முந்தின நாளே திறந்திருந்தா ஒண்ணும் போயிருக்காது."

அவள் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. நான் ஓடிப்போய் உட்கார்ந்து, கை போன போக்கில் எல்லாவற்றையும் கொட்டினேன். ரயில், கம்பெனி, முப்பத்தேழு பேர், மாமியாரைத் திட்டியவன். நடுவில் அவள் சிரிப்பாள், குறுக்கே பாய்ந்து என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் மெதுவாகக் கையைத் தூக்கினாள். சுட்டுவிரல் என்னைக் காட்டியது. அப்படியே பிடித்தாள். நான் பதில் சொன்னேன். கை இறங்கவில்லை. மறுபடி சொன்னேன். இறங்கவில்லை. நேரில் இருக்கிற என்னைப் பார்ப்பவள் போல இல்லை; திரையில் படம் எப்போது மாறும் என்று காத்திருப்பவள் போல, இமைக்காமல் இருந்தாள்.

"வெளிய வந்ததுலேர்ந்து இப்படித்தான் மாமா," என்றாள் கொழுந்தியாள். "ஒரு கையைத் தூக்கினா, அரை நிமிஷம் அப்படியே வச்சுக்கிட்டு நிக்குது. நாமளும் அசையாமத் திருப்பிக் காட்டினாத்தான் இறக்குது. தண்ணி கேட்டு முடிக்கவே அரை மணி ஆகுது. இனிமே இப்படித்தான் பேசணும்னு நினைச்சுக்கிச்சோ என்னமோ."

எங்களுக்கு நடுவே ஒரு முழம்கூட இல்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினேன். வேகமாகப் பேசு, நான்தான், நேரில்தான் இருக்கிறேன் என்று. பிடியை விட்டதும் கை பழைய இடத்துக்கே போய் நின்றது. இறங்கவில்லை.

சட்டைப் பையில் போன் ஒலித்தது. எடுத்து, எழுத்துக் கூட்டினேன்.

"வாழ்த்துகள்! தங்கள் முழு வேகம் திரும்பிவிட்டது."

அதைப் பைக்குள் போட்டேன். ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறுகையின் சுட்டுவிரலால் அந்தக் கட்டிலடித் தரையைக் காட்டினேன். அப்படியே பிடித்துக்கொண்டு, அவளுக்கு வந்து சேரும்வரை காத்திருந்தேன்.